ஸ்லீவ் ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மாவுக்கு என்ன சமைப்பது? வீட்டுச் சட்டியிலிருந்தே எடுக்கலாம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோபி பக்கம் தோட்டத்து வீடு. அம்மாவுக்கு 54 வயது, சர்க்கரை உண்டு. கோவையில் எடைக்குறைப்பு ஆபரேஷன், ஸ்லீவ் முறையில், செய்து இரண்டரை மாதம் ஆகிறது. 'இனி எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கோழி போட்டால் நெஞ்சிலேயே நின்று வாந்தி வருகிறது. ரசஞ்சோற்றைக் குழையக் கரைத்துக் கொடுத்தால் மட்டும் இறங்குகிறது. புரோட்டீன் பவுடரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முடி கொட்டுகிறது, எடையும் மூன்று வாரமாக அப்படியே நிற்கிறது. 'சோத்துல ஒரு திருப்தியே இல்லாமப் போச்சு கண்ணு' என்று புலம்புகிறார். அவருக்குத் தனியாகச் சமைப்பதா, வீட்டுச் சமையலையே கொடுப்பதா, களி, கூழ், சந்தகை (நம் பக்கத்து இடியாப்பம்) எல்லாம் ஆகுமா என்று மகள் கேட்டிருக்கிறார்.

தனிச் சமையல் வேண்டாம் அம்மிணி. இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சாப்பாடு சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. பிறந்து வளர்ந்தது பெருந்துறைப் பக்கம். அதனால் உங்கள் வீட்டு அடுப்பில் என்ன வேகும் என்று ஓரளவு தெரியும். அம்மாவுக்கு வேண்டியது அந்தச் சட்டியிலேயே இருக்கிறது. மாற்ற வேண்டியது எடுத்து வைக்கிற வரிசையைத்தான், அப்புறம் கொஞ்சம் பதத்தை. நாம் வட்டலில் சோற்றைப் போட்டு அதன்மேல் குழம்பை ஊற்றுகிறோம். அம்மாவுக்கு இதைத் தலைகீழாக்குங்கள். குழம்பில் கிடக்கிற பருப்பு, பயறு, முட்டை, கறி முதலில். அடுத்து காய். இடம் மிச்சம் இருந்தால் ஒரு ஸ்பூன் சோறு. இல்லாவிட்டால் சோறே வேண்டாம். சோறு இல்லாமல் சாப்பாடா என்று ஆத்தாவோ அப்பாருவோ (பாட்டியோ தாத்தாவோ) கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஏன் இப்படி என்றால், ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது நீளவாக்கில் ஓர் ஒடுங்கிய குழாய். ஆரம்பத்தில் அது 100 முதல் 150 மில்லி வரைதான் பிடிக்கும். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பகுதி சுரந்துகொண்டிருந்தது வெட்டி எடுத்த மேல்பாகத்தில்தான். ஆகவே அம்மாவுக்கு இப்போது பசிக்காது. பசியே இல்லாமல், பிடிக்காத ஒன்றை, மணி பார்த்துச் சாப்பிடச் சொன்னால் யாருக்குத்தான் திருப்தி வரும்? அவர் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. பசி சில மாதங்களில் மெல்லத் திரும்பி வரும். அதுவரை கடிகாரம்தான் கணக்கு. ஆனால் பிடிக்காததைக் கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அளவு சுருங்கிப்போன பிறகு ருசிதான் முக்கியம். மூன்றே வாய் சாப்பிடுகிறவருக்கு அந்த மூன்று வாயும் உப்புச் சப்பில்லாமல் இருந்தால் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

ரசஞ்சோறு ஏன் சுலபமாக இறங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். அது குழாயில் தங்குவதே இல்லை, நழுவிக் கீழே போய்விடுகிறது. அதனால் வயிறு நிறைந்த உணர்வும் வராது, ஒரு மணி நேரத்தில் இன்னொரு கிண்ணம் கேட்கும். அதில் உள்ளது பெரும்பாலும் மாவுச்சத்துதான். 100 கிராம் சோற்றில் புரதம் இரண்டரை கிராம் தேறும். கஞ்சி, கூழ், டீயில் நனைத்த வர்க்கி, பிஸ்கட், முறுக்கு, மிக்சர் எல்லாம் இதே வகைதான். மென்றால் கரைந்து ஓடிவிடும். கோழி நிற்கிறது, ரசஞ்சோறு போகிறது, ஆகவே ரசஞ்சோறுதான் ஒத்துக்கொள்கிறது என்று முடிவு கட்டினால், எடை நிற்பதற்கும் முடி கொட்டுவதற்கும் நாமே வழி செய்கிறோம் என்று அர்த்தம். இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்பதுதான் பொதுவான கணக்கு. அம்மாவுக்கு எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பார். அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, எதில் ஆரம்பிப்பது? கடைசலில். இந்த விஷயத்தில் கொங்கு நாட்டுச் சமையலுக்கு ஈடு இல்லை என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன். மற்ற ஊர்க்காரர்களுக்கு மிக்சியில் அடித்த குழந்தைச் சாப்பாடு மாதிரி ஏதாவது செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. நமக்கு மத்தும் சட்டியும் பரம்பரையாகவே இருக்கின்றன. பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறு கடைசல், கொள்ளு கடைசல், கீரைக் கடைசல் என்று அம்மாவுக்குக் கை பழகிய பதார்த்தங்களே அவருக்கு வேண்டிய பதத்தில் இருக்கின்றன.

பச்சைப்பயறு 50 கிராம் எடுத்து வெறும் சட்டியில் வாசம் வரும்வரை லேசாக வறுங்கள். ஆறேழு சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி, சிட்டிகை மஞ்சள்தூள், அரை டீஸ்பூன் சீரகம், கொஞ்சம் மல்லி விதை எல்லாவற்றையும் அதோடு போட்டுக் குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். பயற்றை விரலிடுக்கில் நசுக்கினால் தோலும் சேர்ந்து மசிய வேண்டும். மேலே நிற்கும் தண்ணீரை இறுத்துவிட்டு, உப்புப் போட்டு மத்தால் கடையுங்கள். இறுத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கடைந்தால் பதம் கைக்குள் இருக்கும். கரண்டியில் அள்ளிக் கவிழ்த்தால் ஒழுகக் கூடாது, கெட்டியாகவும் நிற்கக் கூடாது. தொப்பென்று விழுந்து மெல்லப் பரவ வேண்டும். அதுதான் பதம். ஒரு டீஸ்பூன் கடலை எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் போதும். காரம் வேண்டுமென்றால் மிளகைத் தட்டிப் போடுங்கள். மிளகாய் இன்னும் கொஞ்ச நாள் தள்ளி நிற்கட்டும். ஸ்லீவ் ஆனவர்களுக்குப் புளிப்பும் காரமும் மேலேறி நெஞ்செரிச்சலைக் கிளப்புவது சகஜம்.

இந்த 50 கிராம் பயற்றில் புரதம் சுமார் 12 கிராம். கடைந்தால் ஏறக்குறைய ஒரு கப் வரும். அம்மாவுக்கு இப்போது ஒரு வேளைக்கு எண்பது மில்லி, அதாவது மூன்றில் ஒரு கப் போதும். அப்படியானால் கிடைப்பது நாலு ஐந்து கிராம்தான். அதன்மேல் 30 கிராம் பனீரை உதிர்த்துப் போட்டால் இன்னொரு ஐந்தாறு கிராம் சேரும். கடையில் கட்டியாக வாங்கும் பனீர் சில சமயம் ரப்பராக இருக்கும். வீட்டுப் பாலைத் திரித்து வடிகட்டி, அழுத்தாமல் அப்படியே உதிர்த்துப் பாருங்கள். பூவாக இருக்கும், தொண்டையில் நிற்காது.

கொள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பழமொழி சொல்லிக்கொண்டு சொந்தக்காரர்கள் மூட்டையோடு வருவார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைத்து ஓட்டாது. ஆனால் 100 கிராமில் 22 கிராம் புரதம் உள்ள நல்ல பருப்பு. ஒரே சங்கடம் வாயு. முதலில் கொள்ளு ரசம் இரண்டு நாள், ஒத்துக்கொண்டால் கடைசல். இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, நசுங்கும்வரை வேகவிட்டு அரைத்தால் வாயுத் தொந்தரவு குறையும்.

அரிசிம்பருப்புச் சோறு இல்லாமல் நம் வீடு ஓடாது என்று தெரியும். வழக்கமாக ஒரு பங்கு அரிசிக்குக் கால் பங்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ துவரம்பருப்பு போடுவோம். அம்மாவுக்கு மட்டும் ஒரு சின்ன குக்கரில் இதைப் புரட்டிப் போடுங்கள்: துவரம்பருப்பு 40 கிராம், அரிசி 20 கிராம். வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம் எல்லாம் வழக்கம்போல. தண்ணீர் தாராளமாக, வெந்ததும் கரண்டியாலேயே மசித்து, மேலே ஒரு டீஸ்பூன் நெய். வாசம் அதே வாசம்தான். பருப்பு தூக்கலாக இருக்கிறதே என்று முதல் நாள் சொல்வார், மறுநாள் சொல்லமாட்டார். இதில் பத்து கிராம் புரதம் இருக்கிறது, இரண்டு வேளைக்கு வரும். நெய்யைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் அளந்து ஊற்றுங்கள். செக்கில் ஆட்டிய எண்ணெய் என்பதால் எவ்வளவு ஊற்றினாலும் தப்பில்லை என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. செக்கு எண்ணெயோ பாக்கெட் எண்ணெயோ, ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரிதான்.

முட்டைக்கு வருவோம். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கும்போது முட்டையை விட்டால் வேறு எது? ஒன்றில் ஆறு கிராம் புரதம். ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு அவித்த முட்டையின் வாசனையே குமட்டும், மஞ்சள் கரு மாவு மாதிரி தொண்டையில் அடைக்கும். அவர்களுக்கு உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்புதான் சரி. வீட்டுக்கு வைக்கிற தக்காளிக் குழம்பில் புளியும் மிளகாயும் சேர்ப்பதற்கு முன்னால் இரண்டு கரண்டி எடுத்துச் சின்னப் போசியில் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, முட்டையை ஓரமாக உடைத்து ஊற்றி மூடிவிடுங்கள். கிளறக் கூடாது. வெள்ளை கெட்டிப்பட்டு, மஞ்சளும் முழுக்க வேகும்வரை விடுங்கள். அரைவேக்காடு வேண்டாம். குழம்போடு சேர்த்து ஸ்பூனால் வெட்டி வெட்டிச் சாப்பிட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

கோழி ஏன் நின்றது? பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று வறட்சி, இன்னொன்று மெல்லாதது. நாட்டுக்கோழி ருசியில் உசத்தி, சந்தேகமே இல்லை. ஆனால் நார் நாராக இருக்கிற அந்தக் கறியை இந்தக் குழாய் இப்போது தாங்காது. குழம்பை நாட்டுக்கோழியில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு அந்தத் தண்ணிக்குழம்பையும் பிராய்லர் தொடைக்கறியையும் கொடுங்கள். எலும்பில்லாத தொடைக்கறியை மிக்சியில் விட்டு விட்டு இரண்டு சுற்று ஓட்டினால் கொத்துக்கறி ஆகிவிடும். அதைக் குழம்பிலேயே போட்டு வேகவிட வேண்டும், வதக்கி வறட்டக் கூடாது. பள்ளிபாளையம் சிக்கன் செய்கிற நாளில் தண்ணீர் வற்றிச் சுருளுவதற்கு முன்பே அம்மாவின் பங்கை ஈரத்தோடு எடுத்து வைத்துவிடுங்கள், மிளகாயையும் தேங்காய்ப் பல்லையும் ஒதுக்கிவிட்டு. அதே வாசம், அதே வெங்காயம். ஃபிரிட்ஜில் வைத்த கோழியைச் சூடுபண்ணிக் கொடுத்தால் இன்னும் இறுகிவிடும். மிச்சம் வைப்பதானால் குழம்புக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கட்டும்.

வெள்ளாட்டுக்கறிக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறுக்கலாம். ஈரல் மட்டும் இப்போதே கொடுக்கலாம், மெத்தென்று இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டால். இரும்புச்சத்துக்கு அதைவிட ஒன்று கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவை போதும். மீன் நம் பக்கம் தினசரிப் பழக்கம் இல்லை. ஆனால் மேட்டூர், பவானிசாகர் அணை மீன் கிடைக்கிற இடத்தில் இருக்கிறீர்கள், முள் பார்த்து எடுத்தால் கறியைவிட மீன்தான் சுலபமாகச் செரிக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எலும்பு ரசம், பருப்புத் தண்ணி இரண்டிலும் 'தெம்பு' இருப்பதாக நினைத்து டம்ளர் டம்ளராகக் கொடுக்கிறார்கள். தொண்டைக்கு இதம், வாய்க்கு ருசி, அவ்வளவுதான். புரதம் அடியில் கிடக்கிற பருப்பிலும் கறியிலும் இருக்கிறது.

புரட்டாசி சனிக்கிழமைக்குக் கவலை வேண்டாம். மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்து, மிக்சியில் உதிர்த்துக் கொத்துக்கறி மசாலாவில் போடுங்கள். காய்ந்த நிலையில் 15 கிராம் எடுத்தாலே ஏழெட்டு கிராம் புரதம் வந்துவிடும்.

களி, கூழ், சந்தகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். ராகிக்களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவதுதான் நம் பழக்கம். இந்த வயிற்றுக்கு ஆகவே ஆகாத பழக்கம் அது. ராகி நல்ல தானியம், கால்சியம் நிறைய. மெல்லிய அடையாகத் தட்டி முறுகலாகக் கொடுத்தால் மென்றுதான் ஆக வேண்டும். கம்மங்கூழ் மோர் ஊற்றி எப்போதாவது ஒரு சின்ன டம்ளர், சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல. சந்தகை ஒட்டிக்கொண்டு பந்தாக நிற்கும், பரோட்டாவும் அப்படித்தான். இட்லி பாதி, சாம்பாரில் ஊறவைத்து, சிலருக்குப் போகும் சிலருக்குப் போகாது. பச்சைப்பயற்றை அரைத்து மெலிதாக ஊற்றிய தோசை பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது. நார்க்காய்களில் எச்சரிக்கை வேண்டும். வாழைத்தண்டு, கீரைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, ஆரஞ்சுச் சுளையின் தோல் இவை உள்ளே சுருண்டு அடைத்துக்கொண்டால் பெரிய தலைவலி. முருங்கைக்காயின் சதையை வழித்துக் கொடுங்கள். சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி, அரைக்கீரை இதெல்லாம் தாராளம்.

இனி புரோட்டீன் பவுடர். அது வேண்டுமா என்று ஒரு நாள் புரதத்தைக் கூட்டிப் பார்ப்போம். காலையில் ஒரு முட்டையும் பாதிப் பயறுத் தோசையும் பத்து கிராம். பத்தரை மணிக்கு ஒரு டம்ளர் பாலில் ஒரு மேசைக்கரண்டி ஆடை நீக்கிய பால் பவுடர் கலந்து கொடுத்தால் ஏழு கிராம். மத்தியானம் கடைசலும் கொத்துக்கறியும் ஒரு பதினாலு. சாயங்காலம் மசித்த சுண்டல் மூன்று மேசைக்கரண்டி, நாலு கிராம். ராத்திரி மீனோ, கொஞ்சம் பனீரோடு முட்டைக் குழம்போ பத்து. எல்லாம் சேர்ந்து நாற்பத்தைந்து. நன்றாகச் சாப்பிடுகிற நாளிலேயே இவ்வளவுதான். ஆகவே பவுடரை இப்போதைக்கு நிறுத்த முடியாது. ஆனால் பாலில் கலந்த வெனிலா வாசனையில்தான் குடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? வாசனையோ இனிப்போ இல்லாத பவுடர் கிடைக்கிறது. அதை இரண்டு ஸ்பூன் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கலக்கி, வெதுவெதுப்பான கடைசலிலோ உப்புப் போட்ட மோரிலோ சேர்த்துவிடுங்கள். கொதிக்கிறதில் போட்டால் திரிந்து கட்டி கட்டியாகிவிடும். பெருங்காயமும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட மோரில் கலந்தால் பவுடர் இருப்பது அவ்வளவாகத் தெரியாது.

சாப்பிடும் விதம் பாதி வைத்தியம். பெரிய வட்டலை எடுத்து வைத்துவிட்டுச் சின்னக் கிண்ணமும் டீஸ்பூனும் கொடுங்கள். கையால் சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்றால் கையாலேயே சாப்பிடட்டும், உருண்டை சுண்டைக்காய் அளவைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். இருபது முதல் முப்பது நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் கொறித்துக்கொண்டே உட்கார்ந்தாலும் கெடுதல்தான். வயிறு 'போதும்' என்று சொல்கிற விதம் இப்போது வேறு. திடீரென்று விக்கல், மூக்கில் நீர், ஒரு தும்மல், பெருமூச்சு, நெஞ்சுக்குழியில் ஓர் அழுத்தம். இதில் ஒன்று வந்தாலும் கையில் எடுத்த கவளத்தைக்கூடக் கீழே வைத்துவிட வேண்டும். அந்த ஒரு வாய்தான் வாந்தியாக வருகிறது. 'ஒரு வாய் தானுங்க, வீணாப் போகுதுங்க' என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிற பாசம் இந்த வீட்டில் ஆறு மாதம் லீவு எடுத்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டோடு சொம்புத் தண்ணீர் வைக்கிற பழக்கத்தையும் நிறுத்துங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். மற்ற நேரமெல்லாம் மடக்கு மடக்காக, நாள் முழுக்க ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். சீரகத் தண்ணீர், நீர்மோர், இனிப்பில்லாத எலுமிச்சைத் தண்ணீர் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். சோடா, கோலா வேண்டாம்.

மாத்திரைகள் ஆயுசுக்கும் என்பதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, கால்சியம், தேவைக்கேற்ப இரும்பு. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். டீயும் பாலும்கூட இரும்பு மாத்திரைக்கு ஆகாது. மூட்டுவலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை புண்ணை உண்டாக்கும், மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

இனிப்பில் ஒரு சிக்கல் உண்டு. எடைக்குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் ஆனவர்களுக்கு அதிகம், ஸ்லீவ் ஆனவர்களிலும் சிலருக்கு வரும். இனிப்பு குடலுக்குள் சட்டென்று இறங்கினால் சாப்பிட்ட பத்து முப்பது நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கி நடுக்கம். ஒப்புட்டு, கச்சாயம், தேங்காய்ப்பாலில் வெல்லம் கரைத்த சந்தகை, காலையில் இறக்கிய தெலுவு (பதநீர்) எல்லாம் இதைச் செய்யும். இயற்கையானது என்பதால் கருப்பட்டிக்குச் சலுகை கிடையாது. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ இன்னும் பழைய அளவிலேயே ஓடுகிறதா என்று உடனே பாருங்கள். சாப்பாடு சுருங்கியபின் பழைய மருந்து அளவு சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். 70-க்குக் கீழே போனால் அந்த நேரத்துக்குக் குளுக்கோஸ் கொடுத்துவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

கல்யாண வீட்டுப் பந்தியில் என்ன செய்வது? வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய், இலை போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுதான் நிம்மதி. உட்கார்ந்தே ஆக வேண்டுமென்றால் பருப்பு, பொரியல், தயிர். கெடா விருந்தில் தண்ணிக்குழம்பும் ஈரல் துண்டு இரண்டும். மிச்சத்தைப் பார்த்து யாராவது வாய் பேசினால் 'வயித்து ஆபரேஷனுங்க' என்ற ஒரு வார்த்தை போதும், விவரம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எடை நின்றதற்கும் முடி கொட்டுவதற்கும் பதறாதீர்கள். எடை படிப்படியாகத்தான் இறங்கும், சில வாரம் நிற்கும். அந்த நேரத்தில் ஜாக்கெட் தொளதொளக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது இந்த ஆபரேஷனில் வழக்கம். புரதமும் இரும்பும் சரியாகப் போனால் மறுபடி வளரும். எண்ணெய் மாற்றியோ ஷாம்பு மாற்றியோ பலன் இல்லை.

வாந்தியை மட்டும் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவசரமாகச் சாப்பிட்டு எப்போதாவது ஒரு முறை வந்தால் பரவாயில்லை. நாள் முழுக்கத் தொடர்ந்தாலோ, தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றாலோ, காய்ச்சல், கடும் வயிற்றுவலி, நெஞ்சுப் படபடப்பு என்றாலோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். வாந்தி நீடித்தால் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோய் நடை தள்ளாடும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும். அது நரம்பைப் பாதிக்கிற அவசர நிலை. கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை.

இன்னும் இரண்டு வாரத்தில் மூன்றாம் மாதப் பரிசோதனை வரும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், ஆல்புமின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எல்லாம் பார்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போவதற்கு முந்திய ஒரு வாரம் அம்மா சாப்பிட்டதை, எத்தனை ஸ்பூன், எது நின்றது, எது இறங்கியது என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். 'நல்லாத்தானுங்க சாப்பிடறேன்' என்று அம்மா அங்கே போய்ச் சொல்வார். டயட்டீஷியனுக்கு அந்த நோட்டுதான் உதவும்.